வெறும் வயிற்றில்

மாசிப் பனி என்றார்கள்.
பங்குனி பிறந்தும் நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

கோட்டூர்ப் பக்கம் ஒரு கொள்முதல் நிலையம்.
அதில் நான் பட்டியல் எழுத்தர்.
வெளியே தார்ப்பாயைப் பொசுக்கும் வெயில்.
உள்ளே ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு
கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன்.
லோடுமேன்கள் முணுமுணுப்பார்கள்.

மாசிலாமணி உரக்கச் சொன்னது
நூற்றுப் பன்னிரண்டு சிப்பம்.
நான் எழுதியது நூற்று இரண்டு.
பத்து மூட்டை நெல்
என் தலைக்குள் எங்கோ நனைந்து கிடந்தது.
"அக்கா ராத்திரி தூங்கலபோல."
தூங்கினேன்.
தூங்கி எழுந்ததுதான் அப்படி.

நாத்தனார் சொன்னாள்:
பூசினாப்ல அழகா இருக்கீங்க அண்ணி.
கண்ணாடியில் பார்த்தேன்.
இமைகளுக்குக் கீழே யாரோ
ஈரமாவைப் பிசைந்து அப்பியிருந்தார்கள்.
குளியலறைச் சல்லடையில் அடைத்துக்கொண்ட முடியை
வீட்டுக்காரர் குச்சியால் எடுத்துப் போட்டார்,
ஒன்றும் சொல்லாமல்.
ஒன்றும் சொல்லாததுதான் கேட்டது.

தொலைபேசியில் ஒரு விவசாயி:
"சார், சாக்கு எப்ப சார் வரும்?"
நான் திருத்தவில்லை.
திருத்தவும் மூச்சு வேண்டும்.

மன்னார்குடியில்
என்னைவிடப் பத்து வயது இளைய டாக்டரம்மா
பின்னால் நின்று கழுத்தில் விரல் பதித்து
முழுங்குங்க என்றாள்.
வறண்ட வாயால் எதை முழுங்குவது.
அவமானத்தை முழுங்கிக் காட்டினேன்.

மறுநாள் காகிதத்தில் ஒரு எண்.
அறுபத்தொன்று புள்ளி நான்கு.
பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது,
நான்கைத் தாண்டக் கூடாதாம்.

எண்களோடு பிழைப்பவள் நான்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
காயவச்சு எடுத்துட்டு வாங்க என்று
எத்தனை டிராக்டர்களைத் திருப்பியிருப்பேன்.
"மீட்டர் பொய் சொல்லுதும்மா" என்பார்கள்,
நெல்லை உள்ளங்கையில் தேய்த்துக் காட்டி.
அன்றைக்கு நான் கேட்டேன்:
மெஷின் தப்பாக் காட்டுமா டாக்டர்?

சுரப்பி சரியாச் சுரக்கல, அவ்வளவுதான் என்றாள்.
நான் என்ன செஞ்சதால?
நீங்க ஒண்ணும் செய்யல.
அதற்குத்தான் அழுகை வந்தது.
இத்தனை மாதமாய் நான்
என்னைத் திட்டிய திட்டெல்லாம்
அந்த மேசைமேல் குவிந்து கிடந்தது,
எடை போட ஆளில்லாமல்.

வெள்ளை டப்பா, நூறு மாத்திரை,
வாயில் கொஞ்சம் பஞ்சு.
விடியற்காலம் ஐந்து மணி, ஒரு டம்ளர் தண்ணீர்,
பிறகு ஒரு மணி நேரம் எதுவும் கூடாது.
எதுவும் என்றால் டீயும்.
சமையலறையில் அவர் இஞ்சி தட்டும் சத்தம்
அந்த ஒரு மணி நேரத்தை நீட்டிக்கொண்டே போகும்.
தப்பித்து வாய்க்கால் கரைக்குப் போய்விடுவேன்.

வாய்க்காலில் நத்தை ஓடும் பிளாஸ்டிக் பையும்தான்.
மதகடியில் லஸ்கர் திருமேனி
பல்சக்கரத்துக்கு கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார்.
"மேட்டூர்ல தொறந்தாச்சாமே?"
"தொறந்து பதினோரு நாளாச்சு."
"இங்க எப்ப வரும்?"
"மூணாறு தலைப்பத் தாண்டணும்.
அவசரப்பட்டு என்ன செய்ய, அது நடந்துதானே வரணும்."
மாத்திரைக்கு அன்று பதினேழாம் நாள்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து இருபத்திமூன்று.
ஐம்பதை எழுபத்தைந்தாக்கினாள்.
ஆயுசுக்குமா என்றேன்.
தலையை ஆட்டியபடியே எழுதினாள்.
முடி இன்னும் கொட்டுகிறது.
போன வாரம் ஒரு தேதியை மாற்றி எழுதினேன்,
நானே கண்டுபிடித்து அடித்தேன்.

நேற்று, கோடை நெல் வரவு,
நாற்பது சிப்பம் எண்ணி முடித்திருந்தோம்.
காதுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது.
எறும்பென்று தொட்டுப் பார்த்தேன்.
வியர்வை.
விரலில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன்,
மாசிலாமணிக்குத் தெரியாமல்.

பிறகு சொன்னேன்:
அந்த ஃபேனைப் போடுங்க.

"யாருக்கு?" என்றார் அவர்.